கீழே வந்து திறக்கிறேன்

புவெனஸ் ஐரெஸில் ஒருவர் வீட்டுக்குப் போவது சுலபம், அங்கிருந்து கிளம்புவதுதான் பெரும்பாடு. அடுக்குமாடிகளின் தெருக்கதவு உள்பக்கமும் பூட்டியே இருக்கும். "சரி, கிளம்புறேன்" என்று நாம் எழுந்தால், வீட்டுக்காரர் செருப்பைத் தேடி, சாவியைத் தேடி, நம்மோடு லிஃப்டில் இறங்கி வந்து கதவைத் திறந்துவிட வேண்டும். கதவைத் திறந்தால் உடனே போய்விடுவோமா என்ன? அவர் கதவைத் தோளால் பிடித்துக்கொண்டு நிற்பார், நாம் ஒரு காலைத் தெருவில் வைத்துக்கொண்டு நிற்போம், மேலே அத்தனை நேரம் உட்கார்ந்து பேசாத விஷயமெல்லாம் அங்கேதான் வெளியே வரும். என் அக்கா தன் புருஷனை விட்டுவிடப் போகிறேன் என்று முதன்முதலில் சொன்னது அப்படி ஒரு வாசலில்தான்.

அந்தப் புருஷனின் பெயர் குஸ்தாவோ. கதவுப் பூட்டுக் கம்பெனி வைத்திருப்பவன். அக்கா அவனை விட்டு வந்த பிறகும் பல வருடம் நான் அவனிடம்தான் வேலை பார்த்தேன். வேலை முழுக்க நான் செய்வேன், வாடிக்கையாளர் வந்ததும் "யமிலா, நீ ஏணியைப் பிடிச்சுக்க, நான் பேசிக்கிறேன்" என்பான். ஒரு நாள் ஏணியை அவன் காலடியிலேயே போட்டுவிட்டு வந்து சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தேன். கிடைத்த முதல் வேலை அல்மாக்ரோ பேட்டையில் இருக்கும் அந்த எட்டு மாடிக் கட்டடம்.

அங்கே செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் கம்பியில்லாத பூட்டு. உள்ளே பேட்டரி இருக்கும், ரேடியோவில் பேசும். அது பேசுவதைக் கேட்க மாடிக்கு மாடி கூரையில் ஒரு பெட்டி. தெருக்கதவும் லிஃப்டும் ஏற்கெனவே மின்மீட்டர் அறையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு கம்பியால் இணைந்திருந்தன. இந்த இரண்டு ஏற்பாட்டையும் ஒன்றாக்க வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன நீல வில்லை, அது தெருக்கதவையும் திறக்கும், லிஃப்டையும் மேலே ஏற்றும், அவரவர் வீட்டுக் கதவையும் திறக்கும். யாராவது தொலைத்துவிட்டால் ஓரிடத்தில் ரத்து செய்தால் போதும், எல்லாக் கதவும் அதை மறந்துவிடும்.

கேட்க அழகாக இருக்கிறதல்லவா? பூட்டைச் செய்தது ஒரு நாட்டுக்காரன், கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்தது வேறொரு நாட்டுக்காரன். வில்லைக்குள் இருக்கும் எண்ணைப் பெட்டி முன்னாலிருந்து படித்தது, பூட்டு பின்னாலிருந்து படித்தது. தெருக்கதவு "வாங்க வாங்க" என்று வரவேற்ற ஆளை அவர் வீட்டுக் கதவே யாரென்று கேட்டது. இரண்டு பேரையும் ஒரே திசையில் படிக்க வைப்பதற்குள் நான் பேசிய கெட்ட வார்த்தைகளை அந்த மீட்டர் அறைச் சுவர்கள் இன்னும் மறந்திருக்காது.

வேலை தொடங்கும் முன் குடியிருப்பவர்களின் கூட்டம் நடந்தது. எல்லோரும் சரி என்றார்கள், இரண்டாவது மாடி தோன் ரெமிகியோவைத் தவிர. வயதானவர்களைத் தோன், தோன்யா என்று மரியாதையாகக் கூப்பிடுவது இந்த ஊர் வழக்கம். அறுபதைத் தாண்டியவர், மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது. சுரங்க ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க ரயில் கதவுகளைத் திறந்து மூடியவருக்கு என் கதவின்மேல் அப்படி என்ன கோபம் என்று எனக்குப் புரியவில்லை.

"இந்த ரேடியோ அலையால கிளிக்கு இறகு கொட்டும்" என்றார்.

"உங்ககிட்ட கிளி இருக்கா, தோன் ரெமிகியோ?" என்று கேட்டேன்.

"வாங்கலாம்னு இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "கதவுன்னா ஆள் திறக்கணும். மெஷின் திறந்தா அது கதவே இல்லை, வெறும் ஓட்டை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எழுந்து நின்ற வேகத்தில் கோபம் இருந்தாலும் அவர் முகத்தில் வருத்தம்தான் அதிகமாக இருந்தது. நான் அதை அப்போது பொருட்படுத்தவில்லை. கிழவருக்கு மாற்றம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டடத்தை நிர்வகிப்பவர் செனோர் பொத்தாரோ. எந்நேரமும் கக்கத்தில் காகிதக் கோப்பு ஒன்றை இடுக்கிக்கொண்டு, சட்டப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரியே பேசுவார். இது போல இன்னும் சில கட்டடங்கள் அவர் கையில் இருந்தன. இங்கே வேலை சரியாக முடிந்தது என்று அவர் கையெழுத்துப் போட்டால் அவையும் எனக்கு. போடாவிட்டால் நான் குஸ்தாவோவின் ஏணியைத் தேடிப் போக வேண்டியதுதான்.

"ஒரு புகார் பாக்கி இருந்தாலும் கையெழுத்துக் கிடையாது, யமிலா. அதை இப்பவே சொல்லிடறேன்" என்றார் முதல் நாளே.

வேலை முடிந்தது. எட்டு மாடியிலும் பூட்டுகள் கச்சிதமாகப் பேசின. நாலாவது மாடியில் இருக்கும் பல் டாக்டர், வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பவர், தன் நோயாளிகளிடம் வில்லையைக் காட்டிக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டார். பாக்கி நின்றது ஒரே ஒரு புகார்.

அது ஆறாவது மாடியில் இருக்கும் தோன்யா பெர்லாவிடமிருந்து வந்தது. வியாழக்கிழமை தோறும் அவர் வீட்டில் சீட்டாட்டம். ஆட வருபவர் அவருடைய சிநேகிதி ஒடில்யா. ஓன்சே கடைத்தெருவில் பொத்தான் கடை வைத்திருக்கும், நன்றாக உடுத்தும் பெண்மணி. புருஷன் உண்டா என்றால் உண்டு, கடற்கரை ஊரான மார் தெல் பிளாத்தாவில் வேறொருத்தியோடு இருக்கிறார். பெர்லாவுக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு முறையும் கீழே வந்து திறந்துவிட முடியாது. மேலிருந்தே பொத்தானை அழுத்தித் திறக்கும் வசதியையும் கட்டடத்தார் நிறுத்திவிட்டார்கள். யாரோ ஒருவன் பூங்கொத்து கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லி உள்ளே வந்து ஐந்தாவது மாடியிலிருந்து டிவியைத் தூக்கிக்கொண்டு போன கதைக்குப் பிறகு அப்படி ஒரு பயம். அதனால்தான் தெருக்கதவின் உள்பக்கமும் வில்லையை வைத்தால்தான் திறக்கும்படி செய்யச் சொன்னார்கள். தீ விபத்து என்றால் பக்கத்தில் இருக்கும் பச்சைப் பெட்டியை உடைக்கலாம். மற்றபடி வில்லை வேண்டும்.

ஆகவே பெர்லா தன் சிநேகிதிக்கும் ஒரு வில்லை வாங்கிக் கொடுத்தார். அதுதான் வேலை செய்யவில்லையாம்.

முதல் தடவை போனபோது இருவரும் சீட்டு மேசையில் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒடில்யா வில்லையை என் கையில் கொடுத்தார்.

"பாக்க லட்சணமாத்தான் இருக்கு, நாலு துளை போட்டா கோட்டுக்குத் தைக்கலாம். ஆனா கதவு திறக்க மாட்டேங்குது, பொண்ணே."

"வச்சதும் என்ன லைட் எரியுது? பச்சையா, சிவப்பா?"

ஒடில்யா பெர்லாவைப் பார்த்தார். பெர்லா தன் சீட்டுகளைப் பார்த்தார்.

"ஒண்ணும் எரியல" என்றார் ஒடில்யா.

இதுதான் எனக்குப் புரியவில்லை. தெரியாத வில்லையாக இருந்தால் சிவப்பு எரியும், தெரிந்ததாக இருந்தால் பச்சை. ஒன்றுமே எரியவில்லை என்றால் வில்லை செத்துப்போயிருக்க வேண்டும். கீழே ஓடி வைத்துப் பார்த்தேன். பச்சை, கதவு திறந்தது. மேலே ஓடி வந்து சொன்னேன்.

"அப்படியா! உங்க கை ராசி" என்றார் ஒடில்யா.

அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் புகார். புது வில்லை கொடுத்தேன். அதற்கடுத்த வாரமும் புகார். தெருக்கதவில் வில்லையைப் படிக்கும் கருவியையே கழற்றி வேறு மாட்டினேன். மறுபடியும் புகார். உபகரணம் விற்றவர்களைத் தொலைபேசியில் பிடித்து, ஒரு பெண்மணி கையில் மட்டும் வேலை செய்யாத வில்லை உலகத்தில் உண்டா என்று கத்தினேன். மறுமுனையில் இருந்தவன், அந்த அம்மா உலோக வளையல் போடுவார்களா என்று கேட்டான். வளையலைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். அந்த வாரமும் வேலை செய்யவில்லையாம்!

பொத்தாரோ கூப்பிட்டார். "வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் வரேன். அதுக்குள்ள அந்த அம்மா பிரச்சினை தீரணும். இல்லைன்னா பழைய சாவிக்கே போயிடுவோம். குஸ்தாவோ பாவம், தானே போன் பண்ணி ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டார்."

பாவமாம்! அன்றிரவு எனக்குத் தூக்கம் எங்கே வரும்?

வியாழக்கிழமை மதியமே போய்விட்டேன். கடைசியாகச் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது, அபாய மணி. தெருக்கதவு பூட்டாமல் திறந்தே கிடந்தால் வாசலில் மணி அலறும், கூடவே எட்டு மாடியிலும் வீட்டுப் பூட்டுகள் அத்தனையும் சிவப்பில் மின்னிக் கீச்சிடும். திருடன் நுழைந்தால் கட்டடத்துக்கே தெரிய வேண்டும் அல்லவா? இரண்டு ஏற்பாட்டையும் இணைத்ததன் பெருமையே அதில்தான் இருக்கிறது, பொத்தாரோவின் கண்முன் காட்டிக் கைதட்டு வாங்கலாம் என்று சேமித்து வைத்திருந்தேன். மணியை உயிர்ப்பித்துவிட்டு, கூரைப் பெட்டியின் மூடியை மாட்ட வாசல் கூடத்தில் ஏணி போட்டு ஏறினேன். ஏணி தபால் பெட்டிகளை ஒட்டி, தூணுக்குப் பின்னால் இருந்தது. லிஃப்டிலிருந்து வருபவருக்கு நான் தெரியமாட்டேன்.

லிஃப்ட் திறந்தது. ஒடில்யா வந்தார்.

கதவை நோக்கிப் போகவில்லை. சுவரில் இருந்த பெரிய கண்ணாடி முன் நின்று கைப்பையைத் திறந்தார். சாவிக்கொத்தை எடுத்து, அதிலிருந்து நீல வில்லையைக் கழற்றி, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு, டப்பென்று மூடிப் பையின் அடியில் அமுக்கினார். பிறகு உதட்டுச்சாயம் எடுத்து நிதானமாகப் பூசிக்கொண்டார். முடியைச் சரிசெய்தார். கடைசியாகப் போனை எடுத்தார்.

"பெர்லா, கீழ வந்துட்டேன். அவர்கிட்ட சொல்லிடு."

எனக்கு ஏணியிலேயே காது சூடாகிவிட்டது. நான் வளையலைக் கழற்றச் சொன்ன அந்த அம்மா, இத்தனை வாரத்தில் ஒரு முறைகூட வில்லையைக் கதவருகே கொண்டுபோகவில்லை. லைட் எப்படி எரியும்? இறங்கிப்போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று காலை எடுத்தேன். அதற்குள் லிஃப்ட் மறுபடி திறந்தது.

தோன் ரெமிகியோ வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய அத்தர் வாசனை வந்தது. முடியில் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். இந்த ஊரில் கதவு திறக்க வருகிறவர்கள் செருப்போடு வருவார்கள், சிலர் பைஜாமாவோடும் வருவார்கள். இவர் பாலிஷ் போட்ட பூட்ஸும் கோட்டும் அணிந்து வந்திருந்தார்.

"இன்னைக்கும் வேலை செய்யலையா, தோன்யா ஒடில்யா?"

"செய்யலையே, தோன் ரெமிகியோ. உங்களுக்கு எவ்வளவு சிரமம்!"

"என்ன மெஷினோ! நான் அன்னைக்கே கூட்டத்துல சொன்னேன், யாரு கேட்டா?" என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் என் வேலையைத் திட்டி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் கிளி விஷயம் எனக்குப் புரிந்தது. என் மரமண்டையில் மெதுவாகத்தான் ஏறும், ஏறினால் இறங்காது. முழங்கால் வலிக்கும் பெர்லாவுக்குப் பதிலாக, அவர் சிநேகிதிக்கு வாராவாரம் வரும்போதும் போகும்போதும் கதவு திறந்துவிடுவது இவர் வேலை. வில்லை வந்துவிட்டால் அந்த வேலை போய்விடும். அது போனால் இரண்டாவது மாடிக்காரர் ஆறாவது மாடி விருந்தாளியோடு பேச உலகத்தில் வேறு சாக்கு இல்லை. அவர் கதவுக்காகச் சண்டை போடவில்லை, அந்த வாசற்படிக்காகச் சண்டை போட்டிருக்கிறார். அந்த அம்மாவும் தன் பங்குக்கு வில்லையை ஒளித்து வைத்து அதே வாசற்படியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார், இவருக்குத் தெரியாமலே. எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பொத்தாரோ வரும் நேரம். இந்தப் புகாரை நான் எப்படித் தீர்ப்பது? தீர்த்தால் இவர்கள் கதை முடிந்தது, தீர்க்காவிட்டால் என் கதை.

ரெமிகியோ தன் வில்லையை வைத்துக் கதவைத் திறந்தார். கதவில் தோளைச் சாய்த்துக்கொண்டார். ஒடில்யா ஒரு காலைப் படியில் வைத்தார்.

"உங்க கோட்டுல அந்த ரெண்டாவது பொத்தான் தொங்குது."

"தொங்குதா? நான் பாக்கவே இல்லை."

"போன வாரம் மூணாவது தொங்குச்சு."

"பழைய கோட்டு" என்றார் ரெமிகியோ. நூலை அவரே அறுத்து வைத்திருப்பார் என்று என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்வேன்.

பிறகு ரயில் கதவில் குடை மாட்டிக்கொண்ட ஒரு சீமாட்டியின் கதையைச் சொன்னார். ஒடில்யா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியது. ரெமிகியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தோன்யா ஒடில்யா, ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு…"

அபாய மணி அலறியது.

கதவு அரை நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் மணி அடிக்கும் என்று தொழிற்சாலையில் வைத்து அனுப்பியிருந்தார்கள். நான் அதை மாற்றவில்லை. அரை நிமிடம்! அரை நிமிடத்தில் விடைபெறும் ஊரில் செய்த பெட்டி போலிருக்கிறது. இங்கே அந்த நேரத்தில் "அப்புறம்?" என்றுகூடச் சொல்லி முடிக்க மாட்டோம். மணியை அப்போதுதான் உயிர்ப்பித்திருந்தேன், அது முழுசாக விழித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்ததால்தான் குடைக் கதை முடியும் வரை பொறுத்திருந்தது. எட்டு மாடியிலும் பூட்டுகள் கீச்சிட்டன. படிக்கட்டு முழுக்கக் கதவு திறக்கும் சத்தமும் கூச்சலும் கேட்டன.

வந்தார்கள். மொத்தக் கட்டடமும் வந்தது. பல் டாக்டர் கையுறையோடு வந்தார், பின்னால் வாயில் பஞ்சோடு அவருடைய நோயாளி. ஏழாவது மாடிக்காரர் தலையில் சோப்பு நுரையோடு வந்தார். பெர்லா கையில் சீட்டுகளோடு வந்தார். தெருப்பக்கமிருந்து, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பொத்தாரோ வந்தார்.

நான் ஏணியிலிருந்து குதித்து ஓடி மணியை நிறுத்தினேன். திடீரென்று வந்த அமைதியில் எல்லோரும் கதவருகே நின்ற இருவரையும் பார்த்தார்கள்.

"திருடன் எங்கே?" என்றார் பல் டாக்டர்.

"திருடன் இல்லை. நான்தான் கதவைப் பிடிச்சிட்டு நின்னேன்" என்றார் ரெமிகியோ. அவர் காது மடல்கள் சிவந்திருந்தன.

பொத்தாரோ என் பக்கம் திரும்பினார். "திறந்துவிட இவர் ஏன் வரணும்? அந்த அம்மாவோட வில்லை?"

"வேலை செய்யல…" என்று இழுத்தேன்.

"இன்னும் செய்யல. அது போதாதுன்னு மணி வேற ஊரைக் கூட்டுது. ஒரு வில்லையைச் சரி பண்ண முடியல, எட்டு மாடியை எப்படி நம்பி விடறது? மன்னிக்கணும், யமிலா. நான் கையெழுத்துப் போட முடியாது. திங்கட்கிழமை குஸ்தாவோவை வரச் சொல்றேன். எல்லாத்தையும் கழட்டிடுவோம்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வில்லை அந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது, திறந்து பாருங்கள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஒடில்யா என்னைப் பார்த்தார். நான் நின்ற இடத்தையும், பின்னால் இருந்த ஏணியையும், எதிரே இருந்த கண்ணாடியையும் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. இத்தனை பேர் முன்னால், நுரைத் தலையர் முன்னால், பஞ்சு வாயர் முன்னால் அதை நான் எப்படிச் சொல்வது? அவர் மனசை அவர்தான் திறக்க வேண்டும். சாவி என்னிடம் இருந்தாலும் அது என் வீட்டுக் கதவல்ல.

"சரி, செனோர் பொத்தாரோ. திங்கட்கிழமை நானே வந்து கழட்டித் தரேன்" என்றேன். ஏணியை மடக்கத் தொடங்கினேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஒடில்யா.

படியில் இருந்த காலை எடுத்து உள்ளே வைத்தார். ரெமிகியோவின் தோளைத் தொட்டு நகர்த்திக் கதவை மூடினார். பூட்டு விழுந்தது. கைப்பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து, அதிலிருந்து நீல வில்லையை எடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் கருவிமேல் வைத்தார்.

பச்சை எரிந்தது. கதவு திறந்தது.

"வேலை செய்யுது. முதல் நாள்லேருந்தே செஞ்சிருக்கும். நான் ஒரு தடவைகூட வச்சுப் பாக்கல" என்றார்.

"ஏன்?" என்று கேட்டார் பொத்தாரோ.

அந்தக் கூடத்தில் அதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். வாயில் பஞ்சு வைத்திருந்தவர்கூட அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஒடில்யா திரும்பினார். ரெமிகியோவைப் பார்த்துச் சொன்னார். "வச்சா கதவு திறந்துடும். திறந்துட்டா நீங்க இறங்கி வர மாட்டீங்க."

ரெமிகியோ கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ரயிலில் ஆயிரம் பேரைத் தள்ளி நிற்கச் சொல்லி அதட்டிய குரல் அவருக்கு. அது எங்கே போயிற்றோ, ஒரு சின்னக் குரல்தான் வெளியே வந்தது.

"எனக்குக் கிளியே பிடிக்காது" என்றார்.

கூட்டத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அது புரிந்தது. ஒடில்யாவுக்குப் புரியவில்லை. பெர்லா அவர் காதில் சொன்னார். கேட்டதும் ஒடில்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது, சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா! இனிமே நானும் நிம்மதியா நடக்கலாம். என் முழங்கால் போன வருஷமே சரியாப்போச்சு. இவங்க ரெண்டு பேருக்காக நொண்டி நொண்டி இப்ப இடுப்புதான் வலிக்குது" என்றார் பெர்லா.

"அப்ப எனக்குக் கதவு திறக்கக்கூட வராம சோபாவுல கிடந்தது நடிப்பா?" என்றார் ஒடில்யா.

"பின்ன? நான் வந்திருந்தா நீ என்னைத்தான் கட்டிக்கணும்."

கூடமே அதிர்ந்தது. நோயாளி சிரித்ததில் பஞ்சு வெளியே வந்து விழுந்தது. "மேல வாங்க, இன்னும் முடியல" என்று டாக்டர் அவரை இழுத்துக்கொண்டு போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள், நுரைத் தலையர் மட்டும் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை வேடிக்கை பார்த்தார்.

பொத்தாரோ கோப்பைப் பிரித்தார். "புகார் எதுவும் பாக்கி இல்லை" என்று ஏதோ தீர்ப்பு வாசிப்பது போலச் சொல்லிவிட்டு, தபால் பெட்டிமேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஆனா அந்த மணி…"

"இப்பவே மாத்தறேன்" என்றேன். மீட்டர் அறைக்குப் போய், கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்ற இடத்தில் அந்தப் பெட்டி அனுமதிக்கும் அதிகபட்ச நேரத்தை வைத்தேன். அதுவும் போதாதுதான். இந்த ஊருக்கு எந்தப் பெட்டியும் போதாது.

திரும்பி வந்தபோது பொத்தாரோ போயிருந்தார். அவர்கள் இருவர் மட்டும் வாசலில், கதவு திறந்தபடி, பழைய இடத்திலேயே நின்றிருந்தார்கள். ரெமிகியோ என்னைக் கூப்பிட்டார்.

"யமிலா, ஒண்ணு கேக்கட்டுமா? ஒரே வில்லை தெருக்கதவையும் வீட்டுக்கதவையும் திறக்கும்னு கூட்டத்துல சொன்னீங்களே."

"ஆமா. எந்த மாடி வேணும்னாலும். பெட்டியில ஒரு குறி போட்டாப் போதும்."

அவர் ஒடில்யாவின் கையில் இருந்த நீல வில்லையைப் பார்த்தார். "அப்ப அதுல… ஆறாவது மாடியோட சேர்த்து… ரெண்டாவது மாடியும்…" அதற்கு மேல் போக முடியாமல், தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைத் திருகத் தொடங்கினார். அது கையோடு வந்துவிட்டது.

ஒடில்யா அந்தப் பொத்தானை அவர் விரலிலிருந்து எடுத்துக்கொண்டார். நீல வில்லையை அதே இடத்தில், அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"எனக்கு இது எதுக்கு?" என்றார். "நான் வரும்போது மணி அடிக்கிறேன். நீங்க இறங்கி வந்து திறங்க."